ராமுவுக்கு அக்கா கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகன் வந்தான். பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணம். எங்களோடு காரில் வருவதாக ஏற்பாடு. நான் ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மறுகையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு நிற்கிறேன். செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“மாமா, உங்க கல்யாணம் 1995 தானே? அந்த மாசத்துலேர்ந்து மாசம் ஐந்நூறு ரூபா போட்டுக்கிட்டு வந்திருந்தா இப்ப எவ்வளவு இருக்கும் தெரியுமா?”

“தெரியாது.”

“பதினேழு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம்!”

ஏதோ அந்தப் பதினேழு லட்சத்தை நான் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வந்தமாதிரி வீட்டில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி சேலை மடிப்பைப் பிடித்தபடியே பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அவனுக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. ஆனால் கூட்டு வட்டி எனக்கும் தெரியும் என்பதை நிரூபித்தாக வேண்டும். தெரியாது என்று அந்தப் பையன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

தனி வட்டியில் அசல் மட்டும்தான் உழைக்கும். கூட்டு வட்டியில் வட்டியும் வேலைக்குப் போகும். ஒரு லட்சத்தை 7.1 சதவீதத்தில் போட்டால் முதல் வருஷம் 7,100 ரூபாய். இரண்டாவது வருஷம் 7,604. கூடுதலாக வந்த 504 ரூபாய்தான் வட்டி போட்ட குட்டி. இதற்கா இவ்வளவு அலட்டல் என்று தோன்றும். பொறுங்கள். பதினைந்து வருஷத்தில் அது 2 லட்சத்து 80 ஆயிரம். முப்பது வருஷத்தில் 7 லட்சத்து 83 ஆயிரம். முப்பதாவது வருஷத்து வட்டி மட்டுமே ஏறக்குறைய 52 ஆயிரம். முதல் பாதி முழுக்கத் திண்ணையில் படுத்துக் கிடந்துவிட்டு, பிற்பாதியில் எழுந்து ஓடுகிற ஜாதி அது. நானும் முதல் பாதியில் அப்படித்தான் கிடந்தேன். பிற்பாதி எனக்கு இன்னும் தொடங்கவில்லை.

அது இருக்கட்டும். மாப்பிள்ளையின் (அக்கா மகனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) ஆப்பில் வட்டி எவ்வளவு என்று எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு சதவீதம். இந்த ஆப்புகளில் எதைத் திறந்தாலும் எவனோ ஒருவன் பன்னிரண்டைத் தட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். பன்னிரண்டை நானும் பார்த்திருக்கிறேன். பொது வருங்கால வைப்பு நிதி என்கிற பி.பி.எஃப்.பில் 1986-லிருந்து 2000 ஜனவரி வரை பன்னிரண்டு சதவீதம் கொடுத்தார்கள். அப்போது என்னிடம் பணம் இல்லை. இப்போது ஏதோ கொஞ்சம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் 7.1-க்கு இறக்கிவிட்டார்கள். 1988-ல் கிசான் விகாஸ் பத்திரம் வந்த புதிதில் ஐந்தரை வருஷத்தில் பணம் இரட்டிப்பு. இன்று அதற்கு 115 மாதம் காத்திருக்க வேண்டும். எனக்கு வழுக்கை விழுந்ததும் வட்டி விழுந்ததும் ஒரே காலகட்டம். கூட்டு வட்டி என்னிடம் ஒழுங்காக வேலை பார்த்த ஒரே இடம் கிரெடிட் கார்டுதான். மாதம் மூன்றரை சதவீதம்தான் என்று நினைத்தேன். பன்னிரண்டு மாதம் குட்டி போட்டால் அது 51 சதவீதம். அங்கே மட்டும் ஒரு மாதம்கூட வட்டி படுத்துக் கிடக்கவில்லை.

கூட்டு வட்டியை எனக்கு அறிமுகம் செய்தது எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். அதில் ஒரு ராமு வருவான். உங்கள் புத்தகத்தில் ரவி வந்திருக்கலாம், ஆள் ஒருவன்தான். பத்தாயிரம் ரூபாயைக் கொண்டுபோய் வங்கியில் போடுவான். போட்டுவிட்டு மூன்று வருஷம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டான். எனக்கு அப்போதே அவன்மேல் சந்தேகம். அந்த மூன்று வருஷமும் ராமுவின் அப்பாவுக்குக் கண்புரை வரவில்லை. கிணற்று மோட்டார் புகையவில்லை. எலி வண்டி ஒயரைக் கடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ராமுவுக்கு அக்கா கிடையாது. அக்கா இருந்தால் அக்காவுக்குப் பிள்ளை இருக்கும். பிள்ளைக்குக் காது இருக்கும். காது இருந்தால் குத்தியாக வேண்டும். குத்தும்போது அழுகிற பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள ஒரு தாய்மாமன் வேண்டும். தாய்மாமன் வெறுங்கையோடு வர முடியாது.

1999-ல் நான் ஒரு வங்கியில் மாதம் இருநூறு ரூபாய் ஆர்.டி. தொடங்கினேன். அஞ்சு வருஷத்துக்குக் கை வைப்பதில்லை என்று சபதம். பதினாலாவது மாதம் உடைத்தேன். ஒரு ஜோடி தங்கத் தோடு, குழந்தைக்குப் பட்டுச் சட்டை, அக்காவுக்கும் அத்தானுக்கும் துணிமணி, பதினோரு தட்டில் சீர்வரிசை, குலதெய்வத்துக்கு ஒரு கிடா. மேளக்காரர்களுக்குக் கொடுத்தது தனி. மடியில் உட்கார்ந்து என் புது வேட்டியை நனைத்த குழந்தைதான் இன்று செல்போனோடு வந்து நிற்பது. காதில் இப்போது தோடு இல்லை. ப்ளூடூத் இருக்கிறது.

கிடா என்றதும் ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர்க்காரன் என்பதால் சோழர் காலத்தைத் தொடாமல் என்னால் கட்டுரை எழுத முடியாது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய அந்தக் காலத்தில் 96 ஆடு கொடுத்தார்கள். ஆட்டை வாங்கிக்கொண்டவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகத்தான் செய்யும், ஆனால் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் நிற்கும். அசல் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சொல் எந்த வங்கியிலும் இல்லை. காசாகக் கொடுத்த முதலுக்கு, காசு ஒன்றுக்கு வருஷம் அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி. பன்னிரண்டரை சதவீதம்! மாப்பிள்ளையின் ஆப்பைவிட அரை சதவீதம் கூடுதல். இதையெல்லாம் ஓலையில் எழுதினால் போதாதா, ஏன் கல்லில் வெட்டினார்கள்? வீட்டாருக்குப் பயந்துதான் என்பது என் ஆராய்ச்சி முடிவு. எங்கள் வீட்டில் 96 ஆடு இருந்திருந்தால் முதல் தீபாவளிக்கே 95 ஆகியிருக்கும்.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் இன்னும் பாதுகாப்பான வழி கண்டுபிடித்தார். பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு எழுதி வைத்துவிட்டு 1790-ல் இறந்துபோனார். அதை வட்டிக்கு விட்டுப் பெருக்க வேண்டும், நூறு வருஷத்தில் ஒரு பங்கு எடுக்கலாம், கணக்கை முடிப்பது இருநூறு வருஷம் கழித்து என்று நிபந்தனை. 1990-ல் பாஸ்டனில் இருந்தது ஏறக்குறைய ஐம்பது லட்சம் டாலர். பிலடெல்பியாவில் அதில் பாதிகூட இல்லை. அங்கே யாருக்கோ அக்கா இருந்திருக்க வேண்டும். ஆக, கூட்டு வட்டியின் முழுப் பலனைப் பெற ஒரே நிபந்தனை, பணம் போட்டவர் உயிரோடு இருக்கக் கூடாது.

உயிரோடு இருப்பவர்களுக்காக பி.பி.எஃப். இருக்கிறது. பதினைந்து வருஷம் பூட்டு. கோர்ட்டே உத்தரவு போட்டாலும் அந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. எவ்வளவு கெட்டியான ஏற்பாடு! ஆனால் ஏழாவது வருஷத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சன்னல் வைத்துவிட்டார்கள். நான் கணக்குத் தொடங்கியது 2009-ல். சன்னல் திறந்தது 2015-ல். மாப்பிள்ளை ப்ளஸ் டூ முடித்து இன்ஜினீயரிங் சேர்ந்ததும் 2015-ல். கோர்ட் கை வைக்க முடியாத பணத்தில் அக்கா கை வைத்தாள். “கொடுத்துடுறேன்டா தம்பி” என்றாள். நான் கேட்கவில்லை. அக்காவிடம் கேட்பார்களா?

மிச்சம் இருப்பதற்கும் ஓர் ஐந்தாம் தேதி விதி இருக்கிறது. மாதம் அஞ்சாம் தேதி முடிவதற்குள் போட்டால்தான் அந்த மாதத்து வட்டி சேரும். ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் அஞ்சாம் தேதி போடாமல் ஆறாம் தேதி போட்டால் 887 ரூபாய் 50 காசு போச்சு. நான் ஆறாம் தேதிக்காரன். எங்கள் பரம்பரையே ஆறாம் தேதிதான்.

இனி கல்யாணத்துக்குப் போன கதை.

கார் கிளம்பும்போதே மனைவி மடியில் பழைய மொய் நோட்டு இருந்தது. முனை மடங்கி, மஞ்சள் தடவிய அட்டையோடு 1995-லிருந்து வருகிற நோட்டு. பெண்ணின் தகப்பனார் எங்கள் கல்யாணத்துக்கு 101 ரூபாய் எழுதியிருக்கிறார். 2003-ல் அவர் புதுமனை புகுவிழாவுக்கு நாங்கள் 151 எழுதியிருக்கிறோம்.

“நூத்தி ஒண்ணுக்கு நூத்தி அம்பத்தொண்ணு செஞ்சாச்சு. அவங்கதான் நமக்கு அம்பது ரூபா கடன். ஐந்நூத்தி ஒண்ணு எழுதினா ஜாஸ்தி” என்றாள் மனைவி.

எனக்குக் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. “கூட்டு வட்டி பேசுறியே மாப்ளே, இதைப் போடு பார்ப்போம்” என்றேன்.

போட்டான். ஒரத்தநாடு தாண்டுவதற்குள் விடை வந்துவிட்டது. 101 ரூபாய் பன்னிரண்டு சதவீதத்தில் எட்டு வருஷத்தில் 250 ஆகியிருக்கிறது. நாங்கள் கட்டியது 151. பாக்கி 99. அந்தத் தொண்ணூற்றொன்பது இருபத்திரண்டு வருஷமாகக் குட்டி போட்டு இன்றைக்கு 1,199. “அத்தை, நாமதான் ஆயிரத்து இருநூறு ரூபா கிட்ட தரணும்.”

“ஐயையோ” என்றாள் மனைவி. “ஏங்க, அந்த 7.1-ல போடச் சொல்லுங்க.”

7.1-ல் போட்டான். பாக்கி 108 ரூபாய். நூற்றெட்டு நல்ல எண்தான், அர்ச்சனைக்கு ஆகும், மொய்க்கு ஆகாது. சரி, மொய் தனி வட்டியா கூட்டு வட்டியா? புதுமனையில் கட்டியது அசலில் கழியுமா, வட்டியில் கழியுமா? அன்றைக்கு எங்கள் கல்யாணத்தில் அவர்கள் ஐந்து பேர் சாப்பிட்டார்களே, அதைக் கழிக்க வேண்டாமா? இன்றைக்கு நாங்கள் மூன்று பேர் சாப்பிடப்போகிறோமே, அதைக் கூட்ட வேண்டாமா? அன்று போட்ட எவர்சில்வர் குடம் கணக்கில் சேருமா? குடத்துக்குத் தேய்மானம் உண்டா? பட்டுக்கோட்டை வரும்வரை இதே பேச்சு. டிரைவர் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எங்க ஊர்ல மொய் விருந்துன்னு வெப்பாங்க சார்” என்றார். அவர் பேராவூரணிக்காரர். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி ஆவணி வந்தால் கறிச் சாப்பாடு போட்டு மொய் வாங்குவார்கள். லட்சக்கணக்கில் விழும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்கியதைத் திருப்பும்போது மேலே கொஞ்சம் புதிதாக எழுதினால்தான் மரியாதை. அந்தக் கொஞ்சம் எத்தனை சதவீதம் என்று மாப்பிள்ளை கேட்டான். “அது அவங்கவங்க மனசு தம்பி” என்றார் டிரைவர். ஆப்பில் அதற்குக் கட்டம் இல்லை.

மண்டபத்தில் மொய் எழுதுகிற மேசையில் கம்ப்யூட்டர். ஊர், பேர் சொன்னால் துண்டுச்சீட்டு வருகிறது. மனைவி கைப்பையிலிருந்து எடுத்தது 1,001. ஒரு மணி நேரம் போட்ட கணக்கில் எங்குமே வராத எண் அது. பக்கத்தில் நின்ற ஓர்ப்படி 1,001 எழுதினாளாம்.

“இந்த ஒரு ரூபா எதுக்கு மாமா?” என்றான் மாப்பிள்ளை.

ஒரு ரூபாயைப் பன்னிரண்டு சதவீதத்தில் நூறு வருஷம் விட்டுவைத்தால் 83,522 ரூபாய் ஆகும் என்று அவன் ஆப்பே சொல்லும். நான் சொல்லவில்லை. பந்திக்கு ஆள் கூப்பிட்டுவிட்டார்கள். இலையில் விழுந்த பூசணிக் கூட்டு அருமை.

வருகிற தை மாதம் தஞ்சாவூரில் என் மகள் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பி.பி.எஃப். பாஸ்புக் மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டது. 1995-லிருந்து எங்களிடம் மொய் வாங்கிய உறவினர்கள், நண்பர்கள் எல்லோரும் அவரவர் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டு வரவும். பன்னிரண்டு கேட்கவில்லை. 7.1 போட்டால் போதும்.