சில்லுக்கு ஏன் ஜில்லு? – கேள்வி-பதில்

சித்திரை வெயிலில் என் கம்ப்யூட்டர் பிராசஸர் 90 டிகிரி காட்டுகிறது. 'பெல்டியர்' என்று ஒரு பிளேட் விற்கிறார்களே, கரண்ட் கொடுத்தாலே ஜில்லென்று ஆகுமாமே. ஒட்டிவிட்டால் ஃபேன் தொல்லை தீருமா?
– டி.டி.பி. சென்டர்க்காரர், நாகல் நகர்

தீராது, ஃபேன் இரண்டாகும். அந்தப் பிளேட்டுக்கு இரண்டு முகம். ஒன்று ஜில்லிட்டால் மற்றொன்று கொதிக்கும். சூட்டை அது தின்பதில்லை. சுமைகூலிக்காரர் மாதிரி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தூக்கிப் போடுகிறது. வாங்கிய கூலியையும் சூடாகவே அங்கே இறக்கிவைக்கிறது என்பதுதான் வம்பு. 65 வாட் சூட்டை இறைக்க 130 வாட் கரண்ட் இழுத்தால் பின்முகத்தில் சேருவது 195 வாட். 65-க்கே மூச்சு வாங்கிய ஃபேன் அதற்கு என்ன செய்யும்? தினம் 8 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதத்தில் 62 யூனிட் அதற்கே போய்விடும்.

கடையில் கிடைக்கும் 12706 மாடல் போதாதா?
– அதே ஆசாமி

விடமாட்டீர்களே! 4 செ.மீ. சதுரம், இரண்டு வெள்ளைப் பீங்கான் தகடு, நடுவில் வரிசையாக 127 ஜோடி பிஸ்மத் டெலுரைடு துண்டுகள். 12 வோல்ட், 6 ஆம்பியர். இரு முகங்களுக்கும் நடுவே 65 டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டும் என்பது நிஜம்தான், ஆனால் சுமக்க ஒரு வாட்கூட இல்லாதபோது! 50, 60 வாட் ஏற்றினால் வித்தியாசம் பூஜ்யம். அதற்கு மேல் அது உங்கள் பிராசஸருக்குப் போர்த்திய கம்பளி.

யார் இந்தப் பெல்டியர்?
– கல்லூரி மாணவி, சின்னாளப்பட்டி

பிரெஞ்சுக்காரர். கடிகாரம் செய்து பிழைத்தவர், 30 வயதில் அதை விட்டுவிட்டு இயற்பியலுக்கு வந்தார். இரு உலோகங்கள் சேரும் இடத்தில் கரண்ட் பாய்ந்தால் குளிர்வதை 1834-ல் கண்டார். கடிகாரத் தொழிலாளி ஒருவர் இதைக் கண்டதை, பூட்டுக்காரர்கள் ஊரான நம் திண்டுக்கல்லில் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம். 1838-ல் லென்ஸ் என்பவர் அப்படி ஒரு துளி நீரை உறையவைத்து, கரண்டைத் திருப்பிவிட்டு அதையே உருக்கியும் காட்டினார். காரில் வைக்கும் சின்ன ஃபிரிட்ஜில் 'ஹாட்' சுவிட்ச் இருக்கிறதே, அதே வித்தைதான். பிரியாணிப் பொட்டலத்தோடு சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க.

பெரிய கம்பெனிகள் இதைச் செய்யவில்லையா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

செய்தார்கள். 2020 கடைசியில் இன்டெல், 'கிரையோ' என்ற பெயரில் இ.கே., கூலர் மாஸ்டர் கம்பெனிகளோடு சேர்ந்து இறங்கியது. தண்ணீர்க் குழாய், ரேடியேட்டர், பனி கோக்காமல் காவல் காக்க ஒரு மென்பொருள் என்று ஏக தடபுடல். 2023-ல் கடையைக் கட்டியது. அந்தக் காவல் வீண் பயமல்ல. ஐப்பசி மழை விட்ட மறுநாள் 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால், 24 டிகிரிக்குக் கீழே போகும் எந்தத் தகடும் வியர்க்கும். சொட்டுகிற இடம் மதர்போர்டு.

வேறு என்னதான் வழி?
– மில் ஆபீஸ் கிளார்க், வேடசந்தூர்

கம்ப்யூட்டரை அணைத்துப் பக்கக் கதவைக் கழற்றுங்கள். ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சுத் தூசி படிந்து கெட்டியாகியிருக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். ஹீட் சிங்கைக் கழற்றி, அதற்கும் பிராசஸருக்கும் நடுவே காய்ந்து பொருக்காகிவிட்ட பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் வையுங்கள். நாகல் நகர்க்காரரும் படிக்கிறார் என்று நம்புகிறேன்.

கம்ப்யூட்டரைச் சிறுமலைக் குளிருக்குக் கொண்டுபோய் வைத்தால்?
– வாசகர், நத்தம்

கணக்கு சரி. அறை 10 டிகிரி குறைந்தால் பிராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு குறையும், பெல்டியரும் வேண்டாம். நாகல் நகர்க்காரரிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்தான் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வரவேண்டும்.