விளக்கை அணையுங்கள் தாய்மார்களே!

டிசம்பர் 14 வந்துவிட்டால் போதும், நாட்டுக்கு மின்சாரத்தின் மீது திடீர்ப் பாசம் பொங்கும். அன்று தேசிய எரிசக்தி சிக்கன நாள். தமிழ்நாட்டில் சிக்கனத்தைக்கூடச் சிக்கனமாகக் கொண்டாட முடியாது என்பதால் அது ஒரு வாரம் நீளும். நீங்களும் அப்படியொரு விழாவுக்குப் போய் மாட்டியிருப்பீர்கள். வாசலில் ஃபிளெக்ஸ். பட்டப்பகலில் சீரியல் விளக்கு. மார்கழி பிறக்க இரண்டே நாள் இருக்கும்போது அரங்கத்துக்குள் ஏசி பதினெட்டில் ஓடும். மேடையில் வரிசையாகப் பொன்னாடை போர்த்துவார்கள். பொன்னாடையால் யாருக்கு என்ன பயன் என்று இனி கேட்காதீர்கள். அந்தக் குளிரில் சிறப்பு விருந்தினருக்கு விறைக்காமல் இருப்பதே அதனால்தான். அவர் பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடிப்பார். மிச்சத்தை நாற்காலிக்கடியில் தள்ளுவார். பிறகு மைக்கைப் பிடித்து, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்துச் சொல்வார்: “தாய்மார்களே, அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணையுங்கள்!”

அணைக்கிறார்கள் ஐயா. உங்கள் தாத்தா காலத்திலிருந்தே அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சிக்கனம் என்றாலே ஏன் தாய்மார்களைத் தேடுகிறார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. வீணடிக்கும் இடங்களில் அவர்களுக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை. ஆனாலும் வீட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஒருத்தி பருப்பை முன்கூட்டியே ஊற வைத்து இரண்டு விசிலை மிச்சம் பிடிக்கிறாள். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. மிஞ்சிய சோறு விடிந்ததும் பழைய சோறு. பால் கவரை வெட்டும்போது முனையைத் துண்டாக நறுக்குவதில்லை, ஒட்டினாற்போல விடுகிறாள். அந்தத் துணுக்குப் பிளாஸ்டிக் தனியாக விழுந்தால் சாக்கடைக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். காலியான கவரைக் கழுவி, அடுப்படிச் சுவரில் ஒட்டிக் காய வைத்து, சேர்த்துக் கட்டி, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுகிறாள். கிடைப்பது சில்லறை. இவளுக்குச் சிக்கனத்தோடு கழிவு மேலாண்மையும் சேர்த்து வகுப்பெடுக்க ஒரு குளுகுளு அரங்கம், ஒரு சிறப்பு விருந்தினர், நூறு பாட்டில்!

சரி, வகுப்பெடுத்தார்கள். நாமும் கேட்டோம். ஈரக் குப்பை பச்சை வாளியில், உலர்ந்தது நீல வாளியில், டயப்பரும் பேட்டரியும் காலாவதி மாத்திரையும் தனித்தனியாக. திடக்கழிவு மேலாண்மை விதிகளை 2016-இல் போட்டார்கள். அதற்கு முன்னால் 2000-இலும் ஒரு விதி இருந்தது. விதிகளுக்கு இந்த நாட்டில் என்றைக்கும் பஞ்சமில்லை. சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் ஏறக்குறைய பாதி அடுப்படிக் கழிவு. ஓட்டை போட்ட பழைய வாளியில் அதோடு காய்ந்த சருகும் புளித்த மோரும் சேர்த்து மூடி வைத்தால் இரண்டு மாதத்தில் உரம். நிஜமாகவே ஆகிறது, நாற்றமும் இல்லை. ஒரு நகரத்துக் குப்பையில் பாதியை வீட்டு வாசலைத் தாண்டவிடாமல் நிறுத்த முடியும். இது சாதாரண விஷயமல்ல.

மீதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று பாருங்கள். பேட்டரி வண்டியில் பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். கண்கொள்ளாக் காட்சி. ஆனால் தெருமுனையோடு திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் போனால் மனம் நொந்துபோகும். அங்கே நிற்கிறது காம்பாக்டர் லாரி. பச்சையும் நீலமும் ஒரே வாய்க்குள் போகின்றன. உங்கள் வீட்டுச் சாம்பாரும், நீங்கள் துடைத்து மடித்துக் கொடுத்த அட்டைப்பெட்டியும் லாரியின் வயிற்றில் கட்டியணைத்துக்கொள்கின்றன. எல்லா லாரியும் இப்படியில்லை என்பார்கள். உங்கள் தெருவுக்கு வருகிற லாரி எப்படி? பிரிக்காத வீட்டுக்கு அபராதம் உண்டு. பிரித்ததைக் கலந்ததற்காக எந்த அதிகாரியாவது ஒரு ரூபாய் கட்டினார் என்று என்றைக்காவது கேள்விப்பட்டதுண்டா?

வண்டியோடு வரும் தூய்மைத் தொழிலாளியை இதில் இழுக்காதீர்கள். கையுறைகூட ஒழுங்காகக் கிடைக்காமல் நம் வீட்டு ஊசியையும் உடைந்த கண்ணாடியையும் பொறுக்கிப் போடுகிறவர் அவர். 2025 ஆகஸ்டில் அந்தத் தொழிலாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். வேலையைத் தனியாரிடம் தூக்கிக் கொடுக்காதே என்றார்கள். ஒரு நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. நீதிமன்ற உத்தரவு என்றார்கள். இருக்கட்டும். ஆனால் குப்பையை அள்ளுவதில் காணாத வேகத்தை, குப்பை அள்ளுகிறவர்களை அள்ளுவதில் அன்று கண்ணால் பார்த்தோம்.

லாரி போய்ச் சேரும் இடம் பெருங்குடி அல்லது கொடுங்கையூர். பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டு ஜூலையில், அந்த மேட்டை ஒட்டிக் கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு ராம்சர் அங்கீகாரம் அறிவிக்கப்பட்டது. ஒரு கையில் சர்வதேசச் சான்றிதழ், மறு கையில் குப்பைக்கூடை. கொடுங்கையூருக்கு வந்ததோ வேறு வரம்: குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைத் திட்டம். வடசென்னை மக்கள் 2025-இல் மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றார்கள். எரிப்பதுதான் முடிவு என்றால் எங்களுக்கு எதற்கையா மூன்று வாளி? ஒரு தீப்பெட்டி கொடுத்திருந்தால் போதுமே.

பிளாஸ்டிக் தடை பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’. நல்ல பை, நல்ல பெயர். சோதனைக்கு வருகிறவர் பூக்காரம்மாவின் கூடையைக் கிளறிக் கவரைப் பறிமுதல் செய்கிறார். அவருக்குப் பின்னாலேயே பெட்டிக்கடை வாசலில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. பளபளக்கும் அந்த உறையைப் பழைய பேப்பர்க்காரர்கூட வாங்க மாட்டார். பூக்காரி வைத்திருந்தால் குற்றம். கம்பெனி அச்சடித்தால் தொழில் வளர்ச்சி.

மின்சாரத்துக்கு வருவோம். விளக்கை அணை என்கிறார்களே, கணக்குப் போட்டுப் பார்த்தார்களா? 9 வாட் எல்.இ.டி. பல்பை 111 மணி நேரம் அணைத்து வைத்தால்தான் ஒரு யூனிட் மிஞ்சும். தின்பது வேறு ஆசாமி. தலைக்கு மேல் சுற்றும் பழைய 75 வாட் மின்விசிறி சுமார் பதின்மூன்று மணி நேரத்தில் ஒரு யூனிட்டை முடித்துவிடும். அதே காற்றை 30 வாட்டில் தரும் பி.எல்.டி.சி. மின்விசிறி கடையில் இருக்கிறது. விலை மூவாயிரத்தை ஒட்டி. ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. 2020 முதல் புது ஏசி ஒவ்வொன்றும் 24 டிகிரியில்தான் விழிக்க வேண்டும் என்று விதியும் போட்டார்கள். விழிக்கிறது. அரசு அறைகளில் அதை உடனே பதினெட்டுக்கு இறக்கும் ரிமோட்டுக்கு மட்டும் விதி போடவில்லை.

இப்போது நம் பில்லைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் ஏறிய கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! ஐந்நூறைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் சேர்ந்து பறிபோகும். இதற்குப் பிறகும் கட்டணம் ஏறியது, அது வேறு கதை. மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னது. ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றார்கள். 2025 முடிந்தபோதும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கு.

ஆக, ஒரு வீட்டில் இரண்டு மாதமும் வியர்வையில் நனைந்து, ஏசியை 26-இல் வைத்து, இஸ்திரிப்பெட்டியைத் தொடாமல், 490 யூனிட்டில் பிடித்து நிறுத்துகிறார்கள். கணக்கெடுக்க வர வேண்டியவர் நான்கு நாள் தள்ளி வருகிறார். மீட்டர் காத்திருக்குமா? ஐந்நூறைத் தாண்டி ஓடிவிடுகிறது. அத்தனை சிக்கனமும் அந்த நான்கு நாளில் கரைந்துபோகிறது. ஏன் தாமதம் என்று கேட்டால், ஆள் பற்றாக்குறையாம்.

இருக்கலாம். ஆனால் பில் கட்டக் கெடு தாண்டிப் பாருங்கள். ஃபியூஸைப் பிடுங்க மட்டும் ஆள் டாணென்று வந்து நிற்பார்.