இறைச்சிக்கடைக்காரரின் அப்பிள்

லண்டனில் வீடு பார்க்கப் போகும் எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடம் கிட்டவா, ரெயில் கிட்டவா என்று கேட்பார்கள். கொஞ்சம் விபரமானவர்கள் கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வீட்டு முகவரின் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். பின்வளவில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்பவர் அருமை. கேட்டாலும், வெட்டுகூலியை விலையில் கழிக்கலாமா என்று அறியத்தான்.

எங்களுக்கு வீட்டோடு ஒரு பிராம்லி அப்பிள் மரம் வந்தது. இப்போது கடைகளில் விற்கிற கன்றுகளில் பல எம்9 போன்ற குள்ள அடிக்கட்டையில் ஒட்டியவை. கென்ட்டில் உள்ள ஈஸ்ட் மோலிங் ஆராய்ச்சி நிலையம் செய்த உபகாரம் அது. நிலத்தில் நின்றே காய் ஆயலாம். எங்களுடைய மரத்துக்கு அந்த அடக்கம் தெரியாது. மேல்மாடி யன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். வீடு 1930களில் கட்டியது, மரத்துக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவரைப் பார்த்தால், நட்ட அன்று தண்ணீர் ஊற்றியவரே அவர்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

செப்டெம்பரில் காய் முற்றத் தொடங்கியது. பெரிய காய், நன்றாக விளைந்தது ஒன்று அரைக் கிலோ தேறும். பச்சை நிறம், வெயில் பட்ட பக்கம் மட்டும் கொஞ்சம் சிவப்பு. ஒன்றை ஆய்ந்து அந்த இடத்திலேயே கடித்தேன். இரண்டு கண்ணும் தாமாக மூடிக்கொண்டன. பல் கூசிய கூச்சம் காதுவரை போனது. உடனே உள்ளே போய், உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு கோப்பையில் எடுத்துக்கொண்டு வந்து, மிச்சத்தையும் தொட்டுத் தொட்டுத் தின்று முடித்தேன்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். அம்புலன்ஸுக்கு அடிக்கலாமா என்ற யோசனை அவர் முகத்தில் தெரிந்தது. "அது சமைக்கிற அப்பிள்," என்றார், கெட்ட செய்தி சொல்லும் குரலில்.

ஆங்கிலேயர் அப்பிளை இரண்டு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: வெறும் வாயில் தின்பது, அடுப்பில் ஏற்றுவது. அடுப்பில் ஏற்றுகிற கூட்டத்துக்குத் தலைவர் பிராம்லி. அதை உரித்து, வெட்டி, சீனியைக் கொட்டி, மேலே மாவும் பட்டரும் சேர்த்துப் பிசறித் தூவி, அவணில் வேகவைத்து, அதுவும் போதாதென்று மேலே கஸ்டர்ட் ஊற்றுவார்கள். இத்தனை புளிப்பான பழத்தை இருநூறு வருஷமாகப் பேணிப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள். பிறகு அந்தப் புளிப்பு நாக்கில் படாமல் இருப்பதற்கு இவ்வளவு பாடு. வெள்ளைக்காரரின் ஆட்சி முறையை எனக்கு ஓரளவு விளங்கப்படுத்தியது இந்தக் கிரம்பிள்தான்.

ஆனால் புளிப்பு அப்பிளை லேசாக எடைபோடக் கூடாது. நியூட்டன் வீட்டில் நின்ற மரத்தை 'ஃப்ளவர் ஒஃப் கென்ட்' என்ற இனம் என்பார்கள். அதுவும் சமையல் அப்பிள்தான். அன்று விழுந்தது இனிப்புப் பழமாக இருந்திருந்தால் மனிதர் துடைத்துவிட்டுத் தின்றிருப்பார். தின்ன முடியாத பழம் என்பதால்தான் அது ஏன் விழுந்தது என்று யோசிக்க வேண்டி வந்தது.

பிராம்லியின் கதை நியூட்டன் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத சவுத்வெல் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. நாட்டிங்ஹம்ஷயரில் இருக்கிறது அந்த ஊர். 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற இளம்பெண் தன் வீட்டில் அப்பிள் விதைகளை ஊன்றினாள். ஒன்று பிழைத்து மரமானது. அவள் கல்யாணம் முடித்து அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள். தன் மரம் பேரெடுக்கப் போவதை அறியாமலே இறந்தும் போனாள். 1846இல் அந்த வீட்டை மத்தியூ பிராம்லி என்ற இறைச்சிக்கடைக்காரர் வாங்கினார். பத்து வருஷம் கழித்து, ஹென்றி மெரிவெதர் என்ற 17 வயதுப் பையன் ஒட்டுவதற்குத் தடி வெட்டலாமா என்று கேட்டு வந்தான். அவன் நாற்றுமேடைக்காரரின் மகன். தாராளமாக வெட்டு, ஆனால் என் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார் இறைச்சிக்கடைக்காரர். நட்டவள் ஒருத்தி, ஊரெல்லாம் பரப்பியவன் ஒருவன், பெயர் போனது காணி உறுதி வைத்திருந்தவருக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மெரிவெதரின் கணக்குப் புத்தகத்தில் முதல் விற்பனை 1862 ஒக்டோபர் 31இல் பதிவாகியிருக்கிறது: மூன்று பிராம்லி, இரண்டு ஷில்லிங். அந்தக் காலத்தில் அது சின்னக் காசு இல்லை. ஒன்று பையன் கெட்டிக்காரன், அல்லது வாங்கியவர் அதுவரை ருசி பார்க்கவில்லை.

அதன் பிறகு உலகத்தில் முளைத்த பிராம்லி மரம் ஒவ்வொன்றும் அந்த ஒரே மரத்தின் துண்டுதான். அப்பிள் விதையை நட்டால் தாயைப் போல் பிள்ளை வராது. என்ன வரும் என்று கடவுளுக்கே தெரியாது. ஒட்டினால்தான் அதே பழம். மூல மரம் 1900ஆம் ஆண்டளவில் புயலில் சரிந்து, கிடந்த இடத்திலிருந்தே திரும்பவும் எழும்பியது. இப்போது தேன்காளான் என்ற பூஞ்சண நோய் பிடித்து, ஆறுதலாகச் செத்துக்கொண்டிருக்கிறது. நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தார் 1990களிலேயே அதன் திசுவை எடுத்து ஆய்வுகூடத்தில் கன்று உண்டாக்கிவிட்டார்கள். சவுத்வெல் பேராலயத்தில் அந்த மரத்துக்காக ஒரு வண்ணக் கண்ணாடி யன்னலே இருக்கிறது. எங்கள் ஊர்க் கறுத்தக் கொழும்பான் மாம்பழத்துக்கு எந்தக் கோயிலும் இப்படி ஒரு மரியாதை செய்ததாக நான் அறியவில்லை. அர்ச்சனைத் தட்டில் வைப்பதோடு சரி.

இந்த இடத்தில் மரத்தின் குடும்ப விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண அப்பிளுக்கு 34 குரோமோசோம், பிராம்லிக்கு 51. கூடியிருந்தால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஒற்றைக் கணக்கினால் அதன் மகரந்தம் ஒன்றுக்கும் உதவாது. தனக்கும் உதவாது, அடுத்தவருக்கும் உதவாது. வெளியிலிருந்து எடுத்துக்கொண்டுதான் காய்க்க வேண்டும். சித்திரைக் கடைசியில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும்போது பார்த்தால், கையில் ஒரு சதமும் இல்லாத மாப்பிள்ளை கோட்டும் சூட்டும் போட்டு நிற்கிற கோலம்தான். எடுப்பது எங்கிருந்து? வேலிக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு ஜேம்ஸ் கிரீவ் மரமும், வேலியோடு ஒட்டினாற்போல் ஒரு காட்டு அப்பிளும் நின்றன. அவருடைய தேனீக்கள் எங்களுடைய பூவுக்கு வந்தால்தான் எங்களுக்குக் காய். வேலிச் சண்டைக்கு அப்புக்காத்துவரை போன பரம்பரையில் வந்த நான், அந்த மனிதரைக் கண்டால் முதல் ஆளாகக் கை காட்டுவதற்கு இதுதான் காரணம்.

அம்மா 6 மாத விசாவில் வந்து இறங்கியது பிறகு வந்த ஒரு ஜூனில். அவ வந்த கிழமையே மரம் பிஞ்சுகளைக் கொட்டத் தொடங்கியது. காலையில் எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் பிஞ்சு. மரம் தாங்க முடியாததைத் தானே கழிக்கிறது, எல்லா அப்பிளும் ஜூனில் செய்வதுதான் என்று விளக்கினேன். அம்மா கேட்கவில்லை.

"நாவூறடா தம்பி. உந்தக் கிழவன் விடியவும் பொழுதுபடவும் வேலியாலை எட்டிப் பாக்கிறதை நீ கவனிக்கேல்லையே?"

பின்னேரம் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மரத்தை மூன்றுதரம் சுற்றி, பார்பிக்யூ அடுப்பில் போட்டுக் கொளுத்தினா. காற்று கிழக்குப் பக்கம் அடித்தது. புகை வேலியைத் தாண்டிப் போய்க் கொஞ்ச நேரத்தில், அங்கிருந்து பெரிய இருமல் கேட்டது.

"பாத்தியே," என்றா அம்மா. "ஆரெண்டு பிடிபட்டிட்டுது."

அந்த மனிதரோ இருமி முடித்து, ஒரு கொத்துக்கு ஒரு காய் மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டால் காய் பெருக்கும் என்று வேலிக்கு மேலால் நல்ல புத்தி சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பிள்ளைத்தாய்ச்சி மரத்தில் கை வைக்கச் சொல்கிறானே பாவி என்று அம்மா அன்று முழுக்க அவரோடு முகம் கொடுக்கவில்லை. அம்மா முகம் கொடுக்காதது அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஓகஸ்டில் கிளிகள் வந்தன. லண்டனின் தென்மேற்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பச்சைக் கிளி இங்கே கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது. கூட்டிலிருந்து தப்பியவை பெருகியதுதான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் திறந்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது, ஆனால் சொல்லாத ஆளும் கிடையாது. எங்கள் மரத்துக்கு இரண்டு வகைக் கள்ளர். வட அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய சாம்பல் அணில் ஒரு கடி கடிக்கும், முகத்தைச் சுளிக்கும், எறிந்துவிட்டு அடுத்ததைக் கடிக்கும்; எல்லாமே புளிக்கும் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. கிளி அப்படியில்லை. ஒரே காயில் நிலையாகக் குந்தியிருந்து, கண்ணை மூடி மூடித் திறந்து, விதைவரை தின்னும். அணிலுக்குக் கல்லெறிந்த அம்மா கிளிக்கு எறியவில்லை. "அது எங்கடை பக்கத்துச் சாமான். மாங்காய் எண்டு நினைச்சுத் தின்னுது, பாவம்" என்றா.

மாங்காய் என்ற சொல் வாயில் வந்ததும் அம்மா எழும்பிச் சமையலறைக்குப் போனா. முதலில் வைத்தது தேங்காய்ப்பால் விட்ட மாங்காய்க் கறியின் முறையில் ஒரு கறி. பிராம்லிக்கு ஒரு குணம்: சூடு கண்டால் நிற்காது. துண்டு துண்டாக வெட்டிப் போட்டது ஐந்து நிமிஷத்தில் நுரைத்துக் கரைந்து காணாமல் போய்விட்டது. கிரம்பிளுக்கும் ஸோஸுக்கும் ஆங்கிலேயர் இதை விரும்புவது இந்தக் குழைவுக்காகத்தான். அம்மா சட்டிக்குள் அகப்பையைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "ஆர் எடுத்தது?" என்றா. பிறகு அதையே சொதி என்று அறிவித்து இடியப்பத்தோடு பரிமாறினா. நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அம்மாவுக்குப் பிராம்லியின் போக்குப் பிடிபட்டுவிட்டது. மீன் குழம்பில் பழப்புளியை நிறுத்திவிட்டு, இறக்குவதற்குச் சற்று முன்னால் இரண்டு துண்டு. துருவி, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து அடுப்பே காட்டாமல் ஒரு சம்பல். கடுகு அரைத்து, வினாகிரி விட்டு ஒரு அச்சாறு. அந்தச் சம்பலைப் பற்றி நான் அடக்கமாகப் பேச விரும்பவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் இப்போது வரிசையாக அடுக்கியிருக்கும் அப்பிள்கள் எல்லாம் ஒன்றைவிட ஒன்று இனிப்பு. கண்ணைக் கட்டிவிட்டுத் தந்தால் எது எதென்று எனக்குத் தெரியாது. நாக்கை நிமிர வைக்கிற பழம் வேண்டுமென்றால் இந்த இறைச்சிக்கடைக்காரரிடம்தான் வர வேண்டும். அவரோ உப்பும் மிளகாய்த்தூளும் இன்னதென்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒக்டோபரில் எல்லாம் ஒன்றாக முற்றும். காயை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல உயர்த்தித் திருப்பினால், முற்றியது தானாகக் கையோடு வரும். வராததை இழுக்கக் கூடாது. ஊரில் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் காய்ப்பதால், வீட்டு வாசல்களில் பெட்டி பெட்டியாக அப்பிளை வைத்து, எடுத்துக்கொண்டு போங்கள் என்று மட்டையில் எழுதிவைத்திருப்பார்கள். எடுப்பவரைத்தான் காணக் கிடைக்காது. நாங்கள் வெளியே வைக்கவில்லை. அடிபடாத காயாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, ஒன்றையொன்று முட்டாமல் கொட்டிலில் அடுக்கினால் மாசிவரை கிடக்கும். போகப்போகப் புளிப்பும் கொஞ்சம் தணியும். சுற்றுவதற்குத் தமிழ்க்கடையில் சும்மா கிடைக்கும் பேப்பர்கள். அவற்றில் பாதி மரண அறிவித்தல். கிழமைக்கு ஒருதரம் அழுகியதைப் பொறுக்கப் போகும் அம்மா ஒன்றரை மணித்தியாலம் வெளியே வரமாட்டா. ஒருநாள் கொட்டிலுக்குள்ளிருந்து அலறினா. எலியாக்கும் என்று ஓடினேன். "தம்பி, எங்கடை சங்கக்கடை மனேச்சர் மோசம் போட்டார்!" என்று ஒரு அப்பிளை நீட்டினா.

அந்தக் கிழமைதான் பக்கத்து வீட்டுக்காரர் வேலியடிக்கு வந்து, காட்டு அப்பிளைத் தறித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கொட்டில் போடப் போவதாகச் சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது. நகரத்தில் யாருடைய வளவிலாவது இன்னொரு மரம் நிற்கும்தான், தேனீக்கும் இறகு இருக்கிறதுதான். ஆனாலும் ஜேம்ஸ் கிரீவ் மட்டும் மிஞ்சினால், அதற்கும் மகரந்தம் கொடுக்க எங்களுடையதற்கு வக்கில்லை. நான் ஆங்கிலத்தில் குரோமோசோம் பற்றி எடுத்துச் சொன்னேன். அவர் அன்பாகத் தலையாட்டிவிட்டு நீளநாடாவை எடுத்து நிலத்தை அளந்தார்.

அம்மா ஒரு பெரிய போத்தல் நிறைய அச்சாறு தந்து என்னை அனுப்பினா. எப்படிச் சாப்பிடுவது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பாணையும் செடார் சீஸையும் எடுத்து வைத்துவிட்டார். சீஸோடு ஊறுகாய் தின்னத் தெரிந்த இனம் அது. அந்த விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாயில் இருமினார். பழகிய இருமல்தான். இரண்டாவது வாயும் எடுத்தார்.

மூன்றாம் நாள் வெறும் போத்தலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். காட்டு அப்பிள் நிற்கட்டும், கொட்டிலை வளவின் மற்றப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன் என்றார். பிறகு போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலநிலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார், திரும்பவும் போத்தலைப் பார்த்தார்.

நான் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"குடுக்கத்தானே வேணும்," என்றா அம்மா, கடுகை அம்மியில் இல்லாமல் கிரைண்டரில் அரைக்க வேண்டியிருக்கிற கவலையோடு. "சம்பந்தி வீடு."