கடவுளுக்கு ஒரு மனு, ஜமீனுக்கு ஒரு நகல்

வருசநாட்டுக்காரனுக்குப் பொருளாதார மந்தநிலை என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வைகை பிறப்பதே எங்கள் மலையில்தான். ஆனால் கோடையில் வந்து பார்த்தால் ஆற்றில் மணல்தான் ஓடும். மிச்சமுள்ள செழிப்பை ஒரு காலத்தில் கண்டமனூர் ஜமீன் பார்த்துக்கொண்டது. அந்த ஜமீன் வாழ்ந்ததையும் கெட்டதையும் ‘வருசநாட்டு ஜமீன் கதை’ என்று வடவீர பொன்னையா எழுத, விகடன் புத்தகமாகப் போட்டது. இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. ஜமீன் நன்றாக இருந்தபோது அதைப் புகழ்ந்து பாடியதைக் காசு கொடுத்து வாங்க ஊரில் ஆள் கிடையாது. நொடித்துப்போன கதைக்குத்தான் அட்டை போட்டு விலை வைத்தார்கள்.

மாதச் சம்பளம் இல்லாமல் எழுத்தை விற்றுப் பிழைப்பவனை இப்போது ஃப்ரீலான்ஸர் என்கிறோம். அந்தக் காலத்தில் புலவர் என்றார்கள். பெயர்தான் மாறியது, வரும்படி மாறவில்லை.

புலவர்களின் வியாபாரம் செழித்த ஊர் எங்களுக்கு வடகிழக்கே இருக்கிற நிலக்கோட்டை. அந்தப் பாளையத்தின் கூளப்ப நாயக்கர் மேல் சுப்பிரதீபக் கவிராயர் ‘காதல்’ ஒன்று பாடினார், ‘விறலிவிடு தூது’ ஒன்றும் பாடினார். விறலிவிடு தூது என்கிற சரக்கின் பார்முலா எளிது. மனைவியிடம் கோபித்துக்கொண்டு கிளம்பியவன் தாசி வீட்டில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பான். அங்கே ஒரு வள்ளலைப் பற்றிக் கேள்விப்படுவான். போய்ப் பாடுவான், பரிசு வாங்குவான், கையில் காசு வந்த தெம்பில் மனைவியைச் சமாதானப்படுத்த விறலியைத் தூது அனுப்புவான். கேட்பவனுக்குத் தாசி வீடு, வள்ளலுக்குப் புகழ், புலவனுக்குப் பொன். மூன்று தரப்பும் திருப்தி. இன்றைக்கு விளம்பரக் கம்பெனிகள் இதையே ‘ஸ்பான்சர்டு கன்டென்ட்’ என்று கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு விற்கின்றன.

பரிசு தராமல் இழுத்தடிக்கிற வள்ளலுக்கும் மருந்து இருந்தது. அறம் பாடுவார்கள். புலவன் வயிறெரிந்து பாடினால் குடி விளங்காது என்று நம்பிய காலம். நோட்டீஸ் இல்லை, வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. “பில் பாஸாகி அக்கவுண்ட்ஸ்ல இருக்கு சார்” என்று யாரும் சொல்ல முடியாது. நிலுவை வசூலிக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இன்றுவரை ஃப்ரீலான்ஸர்களுக்கு வாய்க்கவில்லை.

ஆனால் வள்ளலிடமே காசு இல்லையென்றால்? அறம் பாடி என்ன ஆகப்போகிறது?

1876-ல் அதுதான் நடந்தது. தாது வருடம். மழை பொய்த்தது, 1878 வரைக்கும் சென்னை மாகாணம் எலும்புக்கூடாக நடந்தது. சனங்கள் கஞ்சிக்கு அலைந்துகொண்டிருந்த 1877 ஜனவரி 1-ஆம் தேதி, லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்துக்கொண்டிருந்தார். பஞ்சத்தைக் கவனிக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்குப் போட்டார். கணக்குப் போட்டவர் அந்தச் சாப்பாட்டில் ஒரு வாரம் கல்லுடைத்துப் பார்த்ததாகச் சரித்திரத்தில் இல்லை.

இந்தப் பஞ்சத்தைச் சரக்காக்கியவர் சிவகங்கைச் சமஸ்தானத்துப் புலவர் வில்லியப்ப பிள்ளை. நூலின் பெயர் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’. 1899-ல் அச்சேறியது. ஏறத்தாழ 4,500 வரி. பஞ்சம் முடிந்து இருபது வருடம் கழித்தா என்று கேட்கக் கூடாது. பஞ்ச காலத்தில் காகிதம் வாங்க யாரிடம் காசு இருந்தது?

கதை இதுதான். பசியில் துடித்த சிவகங்கைச் சீமைச் சனங்கள் மதுரைக்குப் போய்ச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார்கள். சொக்கநாதர் சாதாரண ஆளா? எழுத்துத் தொழிலில் அவருக்குப் பழுத்த அனுபவம் உண்டு. தருமிக்காகப் பாட்டு எழுதிக்கொடுத்துப் பொற்கிழி வாங்க அனுப்பியவர், அதாவது நமக்குத் தெரிந்த முதல் பினாமி எழுத்தாளர். குற்றம் சொன்ன விமர்சகனை நெற்றிக்கண்ணைக் காட்டிப் பொற்றாமரைக் குளத்தில் தள்ளியவரும் அவர்தான். இந்த வசதி பிறகு வேறு எந்த எழுத்தாளருக்கும் கொடுக்கப்படவில்லை. பாணபத்திரன் வறுமையில் வாடியபோது சேரமான் பெருமாளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொடுத்தவரும் அவரே.

அந்தப் பழக்கதோஷம் போகவில்லை. இந்தப் பஞ்சத்தைத் தீர்க்க நம்மால் ஆகாது என்று கையை விரித்து, சிவகங்கை ஜமீன்தார் துரைசிங்க ராஜாவைப் பாருங்கள் என்று ஒரு திருமுகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று இன்றைக்கு வருகிற பதிலுக்கு ஆதி மூலம் மதுரையில் இருக்கிறது.

வில்லியப்ப பிள்ளையின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். நேரே ஜமீன்தாரிடம் போய்க் கை நீட்டினால் அது பிச்சை. கடவுள் கையால் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அது சிபாரிசு. அதோடு ‘கடவுளுக்கே முடியாததை நீங்கள் செய்ய வேண்டும்’ என்று ஜமீன்தாருக்கு ஐஸ் வைத்தாகிவிட்டது, ‘கடவுளே கைவிட்ட ஊர்’ என்று நக்கலும் அடித்தாகிவிட்டது. கூளப்ப நாயக்கர் காலத்துப் பார்முலாவில் தாசி வீட்டை எடுத்துவிட்டுக் கோயிலை வைத்தார். விலாசத்தை மாற்றினார், சரக்கு விற்றது.

அதே பஞ்சம் இன்னொருவரையும் எழுத வைத்தது. பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்புவது பற்றி 1808-லேயே கேப்டன் கால்டுவெல் என்பவர் பார்த்துவிட்டு, ஆகாத கனவு என்று எழுதிக் கோப்பை மூடினார். தாது வருடத்துச் சாவுகள் அந்தக் கோப்பைத் திறந்துவைத்தன. 1882-ல் பொறியாளர் பென்னிகுவிக்கிடம் புதுத் திட்டமும் எஸ்டிமேட்டும் எழுதச் சொன்னார்கள். 1895-ல் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. எஸ்டிமேட் எழுதியவருக்கு லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். தைப் பொங்கலுக்கு அவர் படத்துக்கு முன்னால் பானை பொங்குகிறது, பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். வில்லியப்ப பிள்ளை என்று சொல்லிப் பாருங்கள், “எந்த ஊருப் பிள்ளை?” என்பார்கள். பஞ்சத்தில் கவிதை எழுதுவதா எஸ்டிமேட் எழுதுவதா என்று குழம்புகிற இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு தகவல்: அந்தத் தண்ணீர் சுருளியாறு வழியாகக் கம்பம், சின்னமனூர் பக்கம் போய் வைகையில் சேர்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற வருசநாட்டுக்கு அதில் ஒரு சொட்டுக் கிடையாது.

அடுத்த மந்தம் முதல் உலகப் போர் முடிந்த கையோடு வந்தது. அரிசி விலை ஏறி, விஷக் காய்ச்சல் ஊர் ஊராகக் காலி செய்துகொண்டிருந்த 1918 கடைசியில், புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பாரதி கடலூரில் கைதாகி, விடுதலையாகி, மனைவி ஊரான கடையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மாமனார் ஊரில் தங்கியிருக்கிற, கையில் வேலை இல்லாத எழுத்தாளன். நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

முதலில் அவரும் பழைய விலாசத்துக்கே எழுதிப் பார்த்தார். 1919-ல் எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி அனுப்பினார். நானே கவியரசன், பல்லக்கும் பரிசும் அனுப்பு என்கிற தோரணை. கடன் கேட்கிற கடிதத்தில் இவ்வளவு கம்பீரம் வைத்தவர் வேறு யாருமில்லை. அரண்மனையிலிருந்து பல்லக்கு வரவில்லை, பதிலும் வரவில்லை.

1920-ல் பாரதி விலாசத்தை மாற்றினார். இந்தத் தடவை ராஜா இல்லை, சனங்கள். ‘தமிழ் வளர்ப்புப் பண்ணை’ என்று ஒரு திட்டம் போட்டு ஊரெல்லாம் கடிதம் அனுப்பினார். கையெழுத்துப் பிரதிகளை 40 புத்தகங்களாகப் போடுவது, ஒவ்வொன்றும் 10,000 பிரதி, மொத்தம் 4 லட்சம், விலை அரை ரூபாய். முதல் செலவு 20,000 ரூபாய். பணம் கொடுப்பவர்களுக்கு ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டு, மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. புத்தகங்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட வேகமாக விற்றுத் தீரும் என்று உறுதிமொழி.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கிட்டத்தட்டப் பத்தில் ஒருவருக்கு மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த மாகாணம். ஊரே கடனில் இருக்கிறது. அதில் 4 லட்சம் பிரதி. இன்றைக்கு பெங்களூரில் ஏதாவது ஒரு கம்பெனி இந்த மாதிரி ஸ்லைடு காட்டினால் மூன்று பேர் எழுந்து நின்று கை தட்டுவார்கள், நாலாவது ஆள் செக் எழுதுவார். பாரதிக்கு வாய்த்தவர்கள் திருநெல்வேலிக்காரர்களும் மதுரைக்காரர்களும். “அய்யர் நல்லாத்தான் சொல்றாரு” என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள். பணம் தேறவில்லை. அந்த வருடக் கடைசியில் பாரதி சுதேசமித்திரன் மேசைக்கே திரும்பிப் போனார். 1921 செப்டம்பரில் முடிந்துபோனார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. உலகம் முழுக்கப் பெருமந்தம், நெல் விலை தரையைத் தொட்ட 1931-ல், அவர் எழுத்தின் உரிமையைத் தம்பி விசுவநாத ஐயர் 4,000 ரூபாய்க்கு வாங்கினார். அச்சுப்போட மட்டும் 20,000 கேட்டவரின் மொத்த எழுத்தும் 4,000-க்கு. 1949-ல் சென்னை அரசாங்கமே உரிமையை எடுத்துக்கொண்டது. பாரதி புத்தகம் தீப்பெட்டி விலைக்கு, தீப்பெட்டி வேகத்தில் விற்றது. ஆக, வியாபாரத் திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. முதலீட்டாளர் முப்பது வருடம் தாமதமாக வந்தார், அவ்வளவுதான்.

அதே மந்தத்தில் சம்பாதித்தவர் எஸ்.எஸ். வாசன். 1928-ல் ஆனந்த விகடனை அவர் 200 ரூபாய்க்கு வாங்கினார் என்பார்கள். எட்டு எழுத்துப் பெயருக்கு எழுத்துக்கு 25 ரூபாய் வீதம். தமிழ் எழுத்துக்குக் கிடைத்த நல்ல ரேட் அது, என்ன, எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை. வாசன் இலக்கியத்தை நம்பி மட்டும் உட்காரவில்லை. குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார், பரிசு அறிவித்தார். வேலை போன மனுசனுக்குக் கவிதையைவிடக் கட்டத்தில் நம்பிக்கை இருந்தது. 1933-ல் தொடங்கிய மணிக்கொடி இலக்கியத்தை மட்டும் நம்பியது, அந்தப் பத்தாண்டைத் தாண்டவில்லை. அதில் எழுதிய புதுமைப்பித்தனுக்குக் கடைசிவரை காசு தங்கவில்லை. ஆனால் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் பட்டணத்துக்கு வந்த கடவுளையே பிடித்து வைத்தியப் பத்திரிகைக்கு 25 ரூபாய் ஆயுள் சந்தா கட்ட வைத்தார். வில்லியப்ப பிள்ளைக்குக் கடவுள் கடிதம் கொடுத்தார், கந்தசாமிப் பிள்ளைக்கு ரொக்கம் கொடுத்தார். இதற்குப் பெயர்தான் தொழில் வளர்ச்சி.

இந்த வரிசையில் உண்மையான கெட்டிக்காரர்கள் யார் என்றால், தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள். வருசநாடு, கடமலைக்குண்டு பக்கம் இலவந்தோப்பு அதிகம். பஞ்சு விலை விழுந்த வருடம் ஊர் சுருண்டு படுக்கும், மனு எழுதுகிறவர் நிமிர்வார். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வனத்துறை நோட்டீசுக்குப் பதில், பயிர்க் கடன் தள்ளுபடி, எல்லாம் அவரிடம் வரும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பரீட்சை அட்டை, நாலைந்து கார்பன் தாள், சட்டைப் பையில் கோர்ட்டு ஸ்டாம்பு. ‘பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்’ என்று மேலே கோடு கிழித்து எழுதிவிட்டுத்தான் “என்ன ஆத்தா விசயம்?” என்றே கேட்பார். சொல்லி முடிப்பதற்குள் இடது கை நீளும். காசு கையில் விழுந்த பிறகுதான் ‘பொருள்’ என்ற இடத்துக்குப் பேனா நகரும். மனு ஜெயித்தாலும் தோற்றாலும் கட்டணம் ஒன்று. தோற்றால் மேல்முறையீடு, அதற்கு இன்னொரு கட்டணம். பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிவிட்டு இலவு காக்கிற நம்மை அவர் பரிதாபமாகத்தான் பார்ப்பார்.

அப்படி ஒருவரிடம், நானும் எழுதுகிற ஆள்தான் அண்ணே என்று சொந்தம் கொண்டாடினேன்.

“என்ன எழுதுவீக?”

“கதை, கட்டுரை.”

“யாருக்கு?”

“வாசகர்களுக்கு.”

“அட்ரஸ் இருக்கா?”

“அது தெரியாதுண்ணே. யார் வேணா படிப்பாங்க.”

அவர் பேனாவை மூடினார். “பெறுநர் யாருன்னே தெரியாம எழுதுனா காசு எவன்கிட்ட தம்பி வாங்குவீக?” என்றார். பிறகு என்னைத் தாண்டிப் பார்த்து, “அடுத்து யாரு, பட்டாவா பென்ஷனா?”