டென்ஷன் இல்லாத மனிதர்

போன கோடையில் எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. அம்மாவின் பழைய புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்து ஒரு போர்வை செய்ய வேண்டும். வெளிநாட்டில் இதற்கு குயில்ட் என்று ஸ்டைலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு நாள் மெஷினோடு மல்லுக்கட்டினேன். மேல்பக்கம் பார்த்தால் தையல் பரவாயில்லை. திருப்பினால், அடியில் நூல் கொத்துக்கொத்தாகக் குருவிக்கூடு கட்டியிருந்தது. சரி, காபி குடித்துவிட்டுப் பிரிக்கலாம் என்று எழுந்தேன். போர்வையும் கூடவே எழுந்தது. கடைசிச் சதுரத்தோடு என் லுங்கி ஓரத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

தெருமுனை டெய்லர் அண்ணனிடம் எடுத்துப் போனேன். (வேறு உடை மாற்றிக்கொண்டுதான்.) அவர் துணியைப் புரட்டி, அடிநூலை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தார். "சார், மேல்நூலுக்கு டென்ஷனே வைக்கலியே. டென்ஷன் இல்லாமத்தான் இப்படி ஆயிருக்கு" என்றார். டாக்டர், மேனேஜர், மனைவி மூவரும் எனக்கு டென்ஷன் ஜாஸ்தி என்று ஒரே குரலில் சொல்லிவரும் காலத்தில், அது போதவில்லை என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

இந்த அவமானத்தில் எனக்கு ஒரு பெரிய துணை உண்டு. ஐசக் மெரிட் சிங்கர். ஆமாம் சார், அதே சிங்கர்தான். கறுப்பு உடம்பில் தங்கப் பூ வரைந்து, பாட்டி வீட்டு ஜன்னலோரம் மேலே துணிபோர்த்தி உட்கார்ந்திருக்குமே, அதில் பெயர் பொறித்த சாட்சாத் சிங்கர். தன் முதல் மெஷினுக்கு டென்ஷன் வைக்க மறந்துபோனவர்!

நடந்தது 1850-ல், பாஸ்டனில். சிங்கர் தொழிலால் நடிகர். நாடகக் கம்பெனி நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர். பாறையைத் துளைக்கும் ஒரு மெஷினைக் கண்டுபிடித்து, அதை 2,000 டாலருக்கு விற்று, அந்தக் காசையும் நாடகத்திலேயே போட்டவர் என்றால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். பாஸ்டனில் ஆர்சன் ஃபெல்ப்ஸ் என்பவரின் பட்டறைக்கு, மர எழுத்து செதுக்கும் இன்னொரு மெஷினை விற்கத்தான் போனார். அங்கே யாரோ தயாரித்த தையல் மெஷின்கள் ரிப்பேருக்கு வந்து குவிந்து கிடந்தன. அவற்றில் அடிநூலைச் சுமக்கும் ஷட்டில் வட்டமாகச் சுற்றும். சுற்றச் சுற்ற நூலின் முறுக்கு கெட்டு அறுந்துபோகும். ஷட்டில் நேராகப் போய்வரட்டும், ஊசி மேலிருந்து கீழே இறங்கட்டும், துணி மேஜைமேல் படுக்கட்டும் என்றார் சிங்கர். ஆயுளில் ஒரு பட்டன் தைத்ததாகக் கேள்விப்படாத மனிதர், சரியாகத்தான் சொன்னார்.

ஜார்ஜ் ஸீபர் என்ற நண்பர் 40 டாலர் போட்டார். 11 நாளில் மெஷின் தயார். இது சிங்கரே பிற்பாடு சொன்ன கணக்கு. நடிகர் சொல்வது, கொஞ்சம் தள்ளுபடி போட்டே வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் ராத்திரி ஓட்டிப் பார்க்கிறார்கள். தைக்கவில்லை. மறுபடி ஓட்டுகிறார்கள். ம்ஹூம். பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக 'எங்களுக்கு வீடு இருக்கிறது' என்ற முகத்தோடு நழுவுகிறார்கள். நள்ளிரவில் சிங்கரும் ஸீபரும் தோற்றுப்போய் நடக்கிறார்கள். வழியில் ஒரு பலகைக் குவியல். அதன்மேல் உட்கார்ந்து மூச்சுவிடும்போது ஸீபர் பேச்சுவாக்கில், "நூல் தளர்ந்து வளையம் வளையமா நிக்குதே, கவனிச்சீங்களா?" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். சிங்கருக்குப் பொறி தட்டியது. அடச்சே, ஊசிநூலுக்கு டென்ஷன் வைக்கவே இல்லை!

ஓடினார்கள். சரிசெய்தார்கள். மெஷின் அழகாக ஐந்து தையல் போட்டது. ஆறாவதில் நூல் அறுந்தது. உலகத்தையே தைக்கப்போகும் கம்பெனி அந்த ஐந்தே ஐந்து தையலில் தொடங்கியது. நானும் அன்று ஐந்துக்கு மேல் போட்டேன், லுங்கியையும் கணக்கில் சேர்த்தால்.

சரி, அப்படியானால் தையல் மெஷினைக் கண்டுபிடித்தவர் சிங்கர்தானே? இங்கேதான் நூல் சிக்குகிறது. அவருக்கு முன்னால் வரிசையில் ஒரு கூட்டமே நிற்கிறது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொதப்பலோடு.

முதலில் லண்டன் தாமஸ் செயின்ட். 1790-லேயே தோல் தைக்கும் மெஷினுக்குப் பேட்டன்ட் வாங்கினார். ஆனால் ஒரே மனுவில் செருப்பு, பசை, வார்னிஷ் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். ஆபீஸில் அது செருப்புக் கட்டில் போய்ச் சேர்ந்து, எண்பது வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஒருவழியாகக் கண்டெடுத்து, படத்தில் உள்ளபடியே செய்து பார்த்தால், திருத்தம் செய்யாமல் அது ஓடவில்லை!

அடுத்தவர் பிரான்சுக்காரர், பார்த்தெலமி திமோனியே. இந்த ஒருவர்தான் நிஜமான தையல்காரர். 1830-ல் பேட்டன்ட் வாங்கி, பாரிஸில் 80 மெஷின் போட்டு ராணுவ யூனிஃபார்ம் தைத்தார். அவர் மெஷின் போட்டது சங்கிலித் தையல். அரிசி மூட்டை வாயில் இருக்குமே, அந்தத் தையல்தான். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் பிரியும். தப்பான நுனியை இழுத்தால் கத்தரிக்கோல் தேட வேண்டும். 1831 ஜனவரியில், பிழைப்பு போய்விடும் என்று பயந்த பாரிஸ் தையல்காரர்கள் சுமார் 200 பேர் கூட்டமாக வந்து மெஷின்களை நொறுக்கினார்கள். சரியான நுனி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. கம்பெனி மொத்தமும் பிரிந்தது. பிற்பாடு மனிதர் ஒரு மெஷினை முதுகில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் அதை வேடிக்கை காட்டிக் காசு வாங்கி, கால்நடையாகவே ஊர் திரும்பினார். 

எனக்கு ரொம்பப் பிடித்தவர் நியூயார்க்கின் வால்டர் ஹன்ட். 1833-34 வாக்கில் இவர் செய்த மெஷினில், இன்று உங்கள் வீட்டு மெஷினில் உள்ள முக்கியமான சங்கதிகள் இருந்தன. முனையில் காது வைத்த ஊசியில் ஒரு நூல், ஷட்டிலில் ஒரு நூல், இரண்டும் துணிக்குள் பின்னிக்கொள்ளும். இழுத்தால் பிரியாது. மகள் கரோலினைக் கூப்பிட்டு, "இதை வைத்து உள்கச்சு தைக்கும் வியாபாரம் தொடங்கேன்" என்றார். அந்தப் பெண் தொழில் தெரிந்த பெண்களிடம் விசாரித்துவிட்டு வந்து, கையால் தைத்துப் பிழைக்கும் ஏழைகள் வயிற்றில் அடிக்க வேண்டாம் அப்பா என்று சொல்லிவிட்டாள். அவரும் சரி என்று பேட்டன்ட் வாங்காமலே மெஷினைப் பரணில் போட்டார். தையல் என்றால் தமிழில் பெண் என்றும் அர்த்தம். தையல் பேச்சைக் கேட்பது பற்றி ஔவையார் ஆத்திசூடியில் ஒரு கருத்து சொல்லியிருக்கிறார். அதை இங்கே எடுத்துப்போட மாட்டேன். எனக்கு ராத்திரி சாப்பாடு வேண்டும்.

அதே ஹன்ட்டுக்கு 1849-ல் 15 டாலர் கடன். கடனை அடைக்க ஒரு கம்பித் துண்டை எடுத்து வளைத்துக்கொண்டே இருந்தார். சில மணி நேரத்தில் சேஃப்டி பின் பிறந்தது. நம்ம ஊக்கு! உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். தையலே விட்டுப்போகாத மெஷினையும் கண்டுபிடித்து, தையல் விட்டுப்போனால் மாட்டிக்கொள்ள ஊக்கையும் கண்டுபிடித்து, இரண்டிலும் பணக்காரர் ஆகாமல் போவதற்குத் தனித் திறமை வேண்டும். தாலிக்கொடியில் நாலு ஊக்கு கோத்துவைக்காத தமிழ்நாட்டு வீடு உண்டா? ஊக்குக்கு ஒரு பைசா ராயல்டி வைத்திருந்தால்கூட மனிதர் மதுரையை வாங்கியிருக்கலாம்.

அப்புறம் எலியாஸ் ஹோவ். காட்டுவாசிகள் ஈட்டியோடு சுற்றிவளைக்கிற மாதிரி இவர் கனவு கண்டாராம். ஈட்டி முனையில் ஓட்டை இருந்ததாம். விழித்தெழுந்து ஊசி முனையில் காது வைத்தாராம். குடும்பத்தில் சொல்லிவந்த கதை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹன்ட் பத்து வருஷம் முன்னாலேயே அதை முழித்துக்கொண்டே செய்துவிட்டார்.

1845-ல் பாஸ்டனில் ஒரு போட்டி. கைத்தையலில் தேர்ந்த பெண்கள் ஐந்து பேர் ஒருபக்கம், ஹோவின் மெஷின் மறுபக்கம். மெஷின் ஜெயித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். விலை சுமார் 300 டாலர் என்று கேட்டதும் கைதட்டிய கையாலேயே கும்பிடு போட்டார்கள். மெஷினிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. துணியை ஊசிகள் நட்ட தகடு ஒன்றில் நிற்கவைத்துக் குத்தவேண்டும். கொஞ்ச தூரம் தைத்ததும் நிறுத்தி, கழற்றி, மறுபடி குத்தவேண்டும். 1846-ல் பேட்டன்ட் வாங்கினார். லண்டன் போனார், உள்கச்சு வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தார், சண்டை போட்டார், மாடலையும் பேட்டன்ட் காகிதத்தையும் அடகு வைத்துவிட்டு ஊர் திரும்பினார். வந்த வேகத்தில் மனைவி காசநோயில் இறந்துபோனார். அந்தச் சாவுக்கு நிற்க ஒரு நல்ல கோட்டு இல்லாமல் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். தையல் மெஷினுக்குப் பேட்டன்ட் வைத்திருந்தவர்!

கொஞ்ச நாளில் பார்த்தால் ஊரெல்லாம் சிங்கர் மெஷின். ஹோவ் நேரே போய் 25,000 டாலர் கேட்டார். படியில் உருட்டிவிடுவேன் என்றாராம் சிங்கர். கேஸ் நடந்தது. சிங்கர் தரப்பு, பரணில் கிடந்த ஹன்ட்டின் மெஷினைத் தூசிதட்டி, "முதலில் செய்தவர் இவர், ஹோவ் அல்ல" என்று கொண்டுவந்தது. கொஞ்சம் யோசியுங்கள்: அதை நிரூபித்தால் சிங்கரும் முதல் ஆள் இல்லை என்றுதானே ஆகும்? ஆமாம், முதலில் செய்தவர் ஹன்ட்தான், ஆனால் இத்தனை வருஷம் கண்டுகொள்ளாமல் விட்டதால் உரிமை ஹோவுக்கே என்று முடிந்தது. 1856-ல் முக்கியமான கம்பெனிகள் பேட்டன்ட்களை ஒன்றாகப் போட்டுக் கூட்டணி வைத்துக்கொண்டன. ஹோவ் வீட்டிலிருந்தபடியே கோடீஸ்வரர் ஆனார். 1965-ல் பீட்டில்ஸ் தங்கள் 'ஹெல்ப்!' படத்தை, தையல் மெஷினைக் கண்டுபிடித்த எலியாஸ் ஹோவ் நினைவுக்கு என்று சமர்ப்பணம் செய்தார்கள். படத்துக்கும் தையலுக்கும் ஒரு நூல் சம்பந்தம்கூடக் கிடையாது.

அதே 1856-ல் சிங்கரின் வக்கீல் பார்ட்னர் எட்வர்ட் கிளார்க் மெஷினைத் தவணையில் விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு நம் சம்பளம் ஐந்தாம் தேதிக்குள் ஆவியாவதற்கு அவரும் ஒரு காரணம்.

சிங்கருக்கும் வேறு வகையில் தவணை முறை பழக்கம்தான். முதல் மனைவி கேத்தரினுக்கு 2 பிள்ளைகள். விவாகரத்து ஆகுமுன்பே மேரி ஆன், 10 பிள்ளைகள். ஊரின் இன்னொரு பக்கம் மேரி மக்கோனிகல், 5. இன்னும் ஒரு பக்கம் மேரி வால்டர்ஸ், 1. கடைசியில் இசபெல்லா, 6. ஆக 24. வீட்டுக்கு ஒரு பெயரில் வாழ்ந்தார்: இங்கே சிங்கர், அங்கே மெரிட், அந்தப் பக்கம் மேத்யூஸ். மூன்று பேருக்கு மேரி என்றே பெயர் என்பதில் ஒரு வசதி உண்டு. தூக்கத்தில் உளறினாலும் ஆபத்தில்லை.

ஆனால் 1860-ல் ஒருநாள் பட்டப்பகலில், நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில், ஒரு மேரியோடு கோச்சு வண்டியில் போனவரை இன்னொரு மேரி பார்த்துவிட்டார். நடுத்தெருவில் கூச்சல். வீட்டுக்கு வந்து சிங்கர் மேரி ஆனை அடித்தார்; இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த அம்மாள் போலீசுக்குப் போனார், எல்லா முடிச்சும் அவிழ்ந்தது, சிங்கர் ஐரோப்பாவுக்கு ஓடினார். மெஷினில் இரண்டு நூலைப் பிரியாமல் பின்னத் தெரிந்தவர், வீட்டில் போட்டது எல்லாமே அரிசி மூட்டைத் தையல்.

இனி டெல்லிக்கு வருவோம். 1924. சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் காந்தியிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். பெயர் ஜி. ராமச்சந்திரன். பிற்பாடு மனைவி சௌந்தரத்தோடு திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் தொடங்கினாரே, அவர்தான். மகாதேவ் தேசாய் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். எந்திரமே கூடாதா என்று கேட்கிறார் ராமச்சந்திரன். உடம்பே ஒரு எந்திரம், ராட்டையும் எந்திரம், எந்திரப் பைத்தியம்தான் கூடாது என்கிறார் காந்தி. விதிவிலக்கு உண்டா? உண்டு, சிங்கர் தையல் மெஷின்!

ஏன் தெரியுமா? சிங்கர் தன் மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்தார். அவள்மேல் இருந்த அன்பினால் மட்டுமே அந்த மெஷினைச் செய்தார். அதற்குள் ஒரு காதல் கதை இருக்கிறது என்று உருகுகிறார் மகாத்மா. சத்திய சோதனை செய்தவரிடம் யார் இந்தச் சரக்கை விற்றார்களோ! தையல் மெஷின் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, பெண்களை அமைதியாக வைத்திருக்கும் ஒரே வேலையையும் பிடுங்கப் பார்க்கிறீர்களா என்று எரிந்துவிழுந்ததாகச் சொல்லப்படும் மனிதர் சிங்கர்.

ராமச்சந்திரன் லேசில் விடுகிற ஆள் இல்லை. அந்தத் தையல் மெஷினைச் செய்ய ஒரு பெரிய ஃபாக்டரி வேண்டுமே, அதில் ராட்சச எந்திரம் ஓடுமே என்று மடக்கினார். காந்தி ஒப்புக்கொண்டு, அந்த ஃபாக்டரிகள் அரசாங்கத்திடம் இருக்கட்டும் என்றார். இன்னும் எத்தனையோ குறுக்குக் கேள்வி கேட்டார் அந்தப் பிள்ளை. "எந்த மனைவி, பாபுஜி?" என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்.