குதிரைக்கு எட்டு, கடிவாளத்துக்கு இருபத்தேழு

எங்கள் வீட்டுக்குள் எந்த மின்சாதனம் நுழைந்தாலும் அப்பா முதலில் விசாரிப்பது அதன் ஆயுளைத்தான். விலையெல்லாம் அப்புறம். எலெக்ட்ரிக் கார் வந்து, கார் ஷெட் சுவரில் 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டியை மாட்டியதும், "இது எத்தனை வருஷம் வரும்?" என்றார்.

காரில் செருகுகிற அந்த டைப்-2 கன் 10,000 முறை செருகி உருவினாலும் தாங்கும்படி செய்யப்படுவது. தினம் ஒருமுறை என்றால் 27 வருஷம் என்றேன். காரின் பேட்டரிக்கு எத்தனை வருஷ வாரண்டி என்றார். எட்டு. "குதிரைக்கு எட்டு, கடிவாளத்துக்கு இருபத்தேழா?" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

பெட்டி நீடித்து உழைக்கும் என்பதை விட, அதிகம் உழைக்காது என்பதே சரி. ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றி பேட்டரிக்குள் அனுப்பும் பாடெல்லாம் காருக்குள் இருக்கும் சார்ஜருடையது. பெட்டி எர்த் இருக்கிறதா என்று பார்க்கும், எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று காருக்குச் சொல்லும், 'டக்'கென்று ரிலேயைப் போட்டுவிட்டு விளக்கு எரிய நிற்கும். இந்த அளவு வேலை பார்ப்பவர்கள் நெடுநாள் திடமாக இருப்பதை என் ஆபீஸிலும் பார்த்திருக்கிறேன். ஓடுகிற மின்சாரத்தை வெட்டும்போது வரும் தீப்பொறிதான் ரிலேக்கு எமன். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கன்னில் தகவல் பேசும் ஊசிகள் மற்றவற்றை விடக் குட்டை. அவசரக்காரர் வெடுக்கென்று உருவினாலும் அவைதான் முதலில் விடுபடும், கார் சுதாரித்துக்கொள்ளும்.

இத்தனை சாமர்த்தியமும் கும்பகோணத்தில் மாமனார் வீட்டில் செல்லாது. அங்கே காரோடு கொடுத்த மூன்று பின் சார்ஜர்தான். "மாப்பிள்ளை, பாத்ரூம்ல ஹீட்டர் பாயின்ட் இருக்கு, பதினாறு ஆம்ப். கவலையே படாதீங்க" என்றார். வென்டிலேட்டர் வழியாக ஒயர் இறங்கியது. அந்த சாக்கெட் பாவம், வாழ்நாளில் இருபது நிமிஷத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் வேலை செய்ததில்லை. 30 யூனிட் பேட்டரியை 3.3 கிலோவாட்டில் நிரப்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே ஸ்க்ரூ கொஞ்சம் லூஸ் என்றால் அந்த இடம் சுடும், சுட்டு ஆறுவதில் இன்னும் லூஸாகும், இன்னும் சுடும். வெள்ளை சாக்கெட் விடிவதற்குள் பழுப்பாகிவிட்டது. மாமனார் பெருந்தன்மையாக, "அது பழசு மாப்பிள்ளை" என்றார். மாமியார்தான் துண்டோடு வந்து, "கார் குளிச்சாச்சா, நாங்க போகலாமா?" என்றார்.

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பெட்டியின் எதிரிகள் வேறு. அது ஐ.பி.65. தூசி புகாது, எந்தப் பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் உள்ளே போகாது. ஆனால் ஒயர் நுழைக்க எலக்ட்ரீஷியன் போட்ட ஓட்டை எந்த ரேட்டிங்கிலும் அடங்காது. ஓட்டையில் ஒயரைச் சுற்றி இறுக்கும் கிளாண்ட் எங்கே என்றால், "அதெல்லாம் எதுக்கு சார், எம்-சீல் வச்சிடலாம்" என்றார். வைப்பதற்குள் எறும்புகள் குடியேறிவிட்டன. கதகதப்பான இடம், வாடகையும் கிடையாது.

எறும்பை விரட்டினால் மே மாதம் வந்தது. மண் காய்ந்தது, எர்த் போயிற்று, பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சார்ஜ் ஏற்ற மறுத்தது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லையாம். எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் கொட்டிய எலக்ட்ரீஷியன், வாரம் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் போனார். லாரித் தண்ணீர். ஒவ்வொரு முறை நான் ஊற்றும்போதும், பெட்ரோல் கார் என்ன பாவம் பண்ணியது என்று அம்மா கேட்கிறாள்.