ஆனது ஆச்சு விதி: உள்அலங்காரச் செலவு குறித்து ஓர் ஆராய்ச்சி

இன்டீரியர் செலவு போட்ட பட்ஜெட்டுக்குள் நிற்காததற்கு விலைவாசி, ஆசாரி, மனைவி என மூன்று காரணங்கள் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றையும் இக்கட்டுரை ஏற்கவில்லை. (மூன்றாவது, என் வீட்டிலேயே உரத்த குரலில் மறுக்கப்பட்டது.)

சான்றுக்கு ஓர் அலமாரி. ஏழடி அகலம், ஏழடி உயரம். 49 சதுர அடி. அடிக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 73,500. இத்தோடு நிறுத்திய எவரும் களஆய்வில் அகப்படவில்லை. "மேல ரெண்டடி சும்மாதானே கெடக்கு சார், லாஃப்ட் போட்டுடலாம்" என்பார் ஆசாரி. அது 14 சதுர அடி, 21,000 ரூபாய். ஆக 94,500. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர 1,11,510. கைப்பிடியும் சாஃப்ட் குளோஸ் கீலும் 'ஹார்ட்வேர் தனி' என்ற வரிக்குள் அடங்குவதால் இக்கணக்கில் இல்லை. கைப்பிடி இல்லாத அலமாரியை எப்படித் திறப்பது என்பது இத்துறையில் இன்னும் எழுப்பப்படாத கேள்வி.

அந்த 21,000 ரூபாயைத் தனியாகக் கேட்டிருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். 73,500க்குப் பக்கத்தில் வந்து நின்றதால் அது சில்லறையாகிவிட்டது. "ஆனது ஆச்சு, இதையும் போட்டுடுவோம்" என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். இதிலிருந்து பெறப்படும் விதி: மொத்தம் ஏற ஏற, சில்லறை எனத் தகும் தொகையும் ஏறும். சமையலறைக்கு வரும்போது சில்லறை ஐந்திலக்கத்தைத் தாண்டியிருக்கும். கொதிநீரிலும் பிரியாத 710 ரக ப்ளைவுட்டை சிங்க்குக்குக் கீழே போடுவது நியாயம். அங்கே தண்ணீர் சொட்டும். டிவி யூனிட்டுக்கும் அதையே போடுவதற்கு ஈரம் காரணமல்ல. ஆனது ஆச்சு.

பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ 1769இல் இதற்கு நெருக்கமாக வந்தார். புது அங்கி ஒன்று வீட்டுக்கு வர, பழைய சாமான்கள் எல்லாம் அதன் முன் மட்டமாகத் தெரிந்து ஒவ்வொன்றாய் மாறிய கதையை எழுதிவைத்தார். அவர் அறைக்கு யாரும் ஃபால்ஸ் சீலிங் பரிந்துரைக்காததால் ஆய்வு அத்துடன் நின்றுபோனது.

விதிக்கு எல்லை உண்டு: ஜன்னல் திரை. வேலை வரிசையில் அதுவே கடைசி. அதற்குள் பணம் தீர்ந்திருக்கும். எல்இடி பட்டை ஒளிரும் சீலிங்குக்குக் கீழே ஜன்னலில் பழைய வேட்டி தொங்கும் வீடுகளை இக்கோட்பாடு ஒன்றே விளக்குகிறது. வேட்டி சொந்தமா, மாமனாருடையதா என்பது மேலாய்வுக்குரியது.